எண்பத்தெட்டாம் பக்கத்து நத்தை

நவ. 3, திங்கள்

தூறல். முடிச்சூர் சிக்னலில் கம்பெனி பஸ் 5.10க்கு. குடையை மறந்துவிட்டேன்.

மறைமலை நகர் ரப்பர் வளையக் கம்பெனியில் மூன்றாவது வாரம். விளக்கடியில் வளையத்தைச் சுழற்றிப் பார்க்க வேண்டும், பழுதானால் சிவப்புத் தொட்டி. காண்ட்ராக்டரிடம் பிளஸ் டூ என்றுதான் சொல்லியிருக்கிறேன். படித்தவர்கள் நிற்க மாட்டார்கள் என்று எடுப்பதில்லையாம். வேறு வழி? ஆராய்ச்சி உதவித்தொகை போன வருடமே முடிந்தது. கெஸ்ட் லெக்சரர் சம்பளம் நான்கு மாதமாக வரவில்லை. 14ஆம் தேதிக்குள் கட்டணம் கட்டி, ஆய்வேடு ஐந்து பிரதி கொடுக்காவிட்டால் பி.எச்.டி. பதிவே ரத்து. ஏரி நத்தைகளைப் பற்றிய ஆறு வருட ஆராய்ச்சி அவ்வளவுதான்.

பழுது வகைகள்: பிசிறு, குமிழ், வெடிப்பு. குமிழ் மட்டும் எப்போதும் ஒரே இடத்தில். ஏன்? பக்கத்து மேசை செல்வி அக்காவைக் கேட்டேன். “அது தெரிஞ்சி இன்னா பண்ணப்போற? தொட்டில போடு.”

நவ. 6, வியாழன்

ஷிப்ட் முடிந்து நேராக மேற்குத் தாம்பரம், வினோத்தின் டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, ஆல்பம், ஆய்வேடு எல்லாம் அங்கேயே. ஐந்து பிரதியும் பைண்டிங் முடிந்து தயார். நீல ரெக்ஸின், தங்க எழுத்தில் என் பெயர். கையிலிருந்தது மொத்தமும் கொடுத்தாயிற்று. தடவித் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் காட்டினேன். முதலில் நன்றி சொல்லும் பக்கத்தைத் தேடினாள்.

நவ. 7, வெள்ளி

நல்ல மழை. பஸ்ஸில் படிக்கலாம் என்று ஒரு பிரதியைப் பையில் கொண்டுபோனது தப்பு. கேன்டீனில் பை ஈரம், வெளியே எடுத்து வைத்தேன். செல்வி அக்கா பார்த்துவிட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை, டாக்டர் பட்டத்துக்கு எழுதியது என்றேன்.

“டாக்டருக்குப் படிக்கிறியா? ஊசி போடுவியா?”

“இல்லக்கா. நத்தை.”

“நத்தைக்கு எவன் ஊசி போடுவான்” என்று புரட்ட ஆரம்பித்தார். இங்கிலீஷ் தெரியாது, படம் மட்டும். பக்கம் 88இல் நின்றார். முடிச்சூர் ஏரி நத்தையும் பெருங்களத்தூர் ஏரி நத்தையும் பக்கத்தில் பக்கத்தில் உள்ள படம்.

“இது மட்டும் வாய அந்தப் பக்கம் வெச்சிகினு கீது. வலம்புரியா?”

அக்காவின் அம்மா மாமல்லபுரத்தில் சங்கு விற்றவராம்; வாய் மாறிய அபூர்வச் சங்குக்குத்தான் வலம்புரி என்று பெயராம்.

பார்த்தேன். நுனியை மேலே பிடித்தால் இந்த இனத்துக்கு வாய் வலப்பக்கம்தான். ஆறு வருடத்தில் ஒன்றுகூட மாறி இருந்ததில்லை. படத்தில் இடப்பக்கம். இது அபூர்வமா, தப்பா? மதியத்துக்கு மேல் மூன்று பிசிறு வளையத்தை நல்லதென்று தள்ளிவிட்டேன். அக்கா சத்தமில்லாமல் பொறுக்கி எடுத்தார்.

நவ. 8, சனி

ஷிப்ட் முடிந்து கல்லூரி லேப். படத்திலிருக்கும் நத்தை 31ஆம் ஜாடியில். சாராய வாடை. இடுக்கியில் எடுத்துத் திருப்பினேன்.

வலப்பக்கம். சாதாரண நத்தை.

அபூர்வமாக இருக்கவேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

வினோத் கடைக்குப் போனேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “ரெண்டும் ஒரே பக்கம் பாத்துட்டு இருந்துச்சு மேடம். ஆல்பத்துல பொண்ணும் மாப்பிள்ளையும் ஒருத்தர ஒருத்தர் பாக்கற மாதிரிதான வெப்போம்? அதான் ஒண்ணத் திருப்பிட்டேன்.”

சிரித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் அழுகை. புரூஃப் பார்த்தவள் நான்தான். எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். பிரித்து மறுபடி பைண்டிங் செய்யப் பணமும் இல்லை, நாளும் இல்லை.

கைடு மேடத்துக்கு போன். “படத்தை எல்லாம் யாரு ஜான்சி உத்துப் பாக்கப் போறாங்க? குடுத்துடும்மா.”

செல்வி அக்கா பார்த்தாரே.

நவ. 10, திங்கள்

சம்பளம். சாயங்காலமே ஆன்லைனில் கட்டணம் போய்விட்டது. மிச்சம் பல்கலைக்கழகம் போய்வர ரயிலுக்குச் சரி.

அக்காவிடம் சொன்னேன். “தப்பு லேபிள் வந்தா பொட்டியவா மாத்தறோம்? மேல ஒட்டறோம். இதுக்கு இன்னா பேஜார்.”

நவ. 11, செவ்வாய்

வினோத் சரியான படத்தை ஸ்டிக்கராக அடித்துக் கொடுத்தார், காசு வேண்டாம் என்று. தாம்பூலப் பைக்கு ஒட்டுகிற அதே தாள். ஒட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஐந்தும் நேர். மூன்றாவதில் மட்டும் ஒரு சின்னக் குமிழ். ஒரு மூலையில்.

நவ. 13, வியாழன்

ஷிப்டுக்கு லீவு. பல்கலைக்கழக கவுன்டரில் ஆறாவது ஆள். கிளார்க் பக்கங்களைக் கட்டைவிரலால் ஓடவிட்டவர் 88இல் நிறுத்தினார்.

“என்னம்மா ஒட்டியிருக்கீங்க?”

“படம் தப்பா இருந்துச்சு சார். திருத்தியிருக்கேன்.”

ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். திருப்பி அனுப்பினால் மீதி ஒரே நாள்.

“திருத்தினா பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடணும்ல? அஞ்சுலயும் போடுங்க.”

போட்டேன். சீல் விழுந்தது. ரசீதை வாங்கிக்கொண்டு திரும்பியவளைக் கூப்பிட்டு, “வைவாக்கு வர்ற எக்ஸாமினருக்கு சால்வை, எல்லாருக்கும் சாப்பாடு, அது உங்க பொறுப்பு. இப்பவே ரெடி பண்ணிக்கோங்க” என்றார்.

நவ. 15, சனி

மழை விட்டிருந்தது. மறுபடி 5.10 பஸ். வாய்மொழித் தேர்வின் சால்வைக்கும் சாப்பாட்டுக்கும் காசு சேரும் வரை இந்த வேலைதான்.

ஷிப்ட் முடிந்ததும் செல்வி அக்கா கேன்டீன் பின்னால் இழுத்துப்போனார். தண்ணீர்த் தொட்டி ஓரம் பெரிய நத்தைகள். ஒவ்வொன்றாக எடுத்து, நுனியை மேலே பிடித்து, வாய் பார்த்தார். ஒன்பதும் வலப்பக்கம்.

“அந்த வைவாக்கு நாங்கல்லாம் வரலாமா?”

“யார் வேணா வரலாம்க்கா. கேள்வி கூடக் கேக்கலாம்.”

“அப்ப நான் கேப்பேன். ஏன் எல்லாம் ஒரே பக்கமா சுத்துது? ஒண்ணாவது மாறக் கூடாதா?”

ஆய்வேடு முழுக்க மனதுக்குள் புரட்டினேன். நீளம் இருக்கிறது, எடை இருக்கிறது, எந்த ஏரியில் எத்தனை என்பது இருக்கிறது. இது இல்லை. ஆறு வருடத்தில் நான் கேட்டுக்கொள்ளவே இல்லை.

பதில் தேட வேண்டும். ஒரு சாப்பாடு கூடுதலாகச் சொல்ல வேண்டும்.