அவசரப்பட்டுப் போட்ட பச்சை விளக்கு

ஜூன் 2, செவ்வாய்

காலையிலேயே கிளவுட், அதாவது எங்கள் வாடகை சர்வர், படுத்துவிட்டது. கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் நாங்கள் கொடுக்கும் பதிவு மென்பொருள் எங்கேயும் திறக்கவில்லை. இந்த மாதிரி நேரத்தில் எங்கள் இணையதளத்தின் நிலவரப் பக்கத்தில் வாடிக்கையாளர்களுக்குச் சேதி எழுதுவது ஆறு வருடமாக என் வேலை. பச்சை விளக்கு என்றால் நலம், மஞ்சள் என்றால் இழுபறி, சிவப்பு என்றால் சுத்தமாக இல்லை. “சில பயனர்களுக்குத் தடங்கல் ஏற்பட்டிருக்கலாம், சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று போட்டேன். எப்போதும் போடுவதுதான்.

மேலாளர் பின்னால் நின்று படித்தார். “ஏற்பட்டிருக்கலாமா? ஒருத்தருக்கும் திறக்கலைம்மா” என்றார். பிறகு புதிதாக வந்திருக்கும் பெண்ணை எழுதச் சொன்னார். அவள் எழுதியது: “எங்கள் சேவை இப்போது யாருக்கும் திறக்கவில்லை. காரணம் இன்னும் தெரியவில்லை. அரை மணிக்கு ஒரு தடவை இங்கே வந்து சொல்கிறோம், சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும்.”

இவ்வளவுதான். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே.

வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு மைனா என்று பேர் வைத்திருக்கிறார்கள். வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

ஜூன் 3, புதன்

வாடிக்கையாளர்கள் நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்கள். நாள் பூராவும் வேலை கெட்டதற்கு நன்றி. மேலாளர் அதை மீட்டிங்கில் உரக்கப் படித்தார். மைனாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிருக்கும். இல்லை, இங்கேயாவது உள்ளதைச் சொல்ல வேண்டும் – அவள் தலையைக் குனிந்து நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 6, சனி

அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் ரத்தப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறாள். எங்கள் மென்பொருளை அவள் தலையில் கட்டியதே நான்தான். செவ்வாய்க்கிழமை கூத்துக்குத் திட்டு விழும் என்று நினைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினேன்.

“அன்னிக்கு வந்த மெசேஜ் நீ எழுதினதாடி? மனுஷங்க எழுதின மாதிரி இருந்துச்சு. தெரியலைன்னு நேரா சொன்னதால, வந்தவங்களை நாளைக்கு வரச்சொல்லி அனுப்பிட்டேன். இல்லேன்னா மத்தியானம் வரைக்கும் பட்டினியா உக்கார வச்சிருப்பேன்.”

“ம்” என்றேன்.

ஒரு “ம்” தானே. அக்கா எனக்கு இன்னொரு தட்டு சோறு போட்டாள். அத்தானைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா, என் தங்கச்சி” என்றாள். சாப்பிட்டேன்.

ஜூன் 11, வியாழன்

நிலவரப் பக்கத்துக்குத் தனியாக ஒரு பொறுப்பாளர் போடப்போகிறார்களாம். மாதக் கடைசியில் சொல்வார்கள். ஆறு வருடம் நான் மாரடித்த இடம். வேறு யாருக்குக் கொடுப்பார்கள்?

யாருக்குக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாதா என்ன.

ஜூன் 17, புதன்

மைனா இன்று புதுச் சுடிதார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். நானும் சொன்னேன். வயிறு எரிந்தது. சுடிதாருக்கெல்லாமா எரிய வேண்டும்?

ஜூன் 24, புதன் – காலை, அலுவலகத்தில்

மறுபடி படுத்தது. இந்தத் தடவை நான் விடவில்லை. வழக்கமாக நான்கு படி உண்டு: பார்க்கிறோம், காரணம் தெரிந்தது, சரிசெய்து கவனித்துக்கொண்டிருக்கிறோம், சரியாகிவிட்டது. நான்கையும் முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்துக்கொண்டேன். சர்வர் பார்ப்பவர் அந்தப் பக்கத்திலிருந்து, “திறக்குது, கொஞ்சம் பாத்துட்டுச் சொல்றேன்” என்று குரல் கொடுத்தார். மைனா மூன்றாவதை எழுத ஆரம்பிப்பதற்குள் நான் நான்காவதைப் போட்டுவிட்டேன். பச்சை விளக்கு.

“மேடம், அவர் பாத்துட்டுச் சொல்றேன்னுதானே சொன்னாரு?” என்றாள்.

“எனக்கும் காது கேக்குது” என்றேன்.

முகம் தொங்கிவிட்டது அவளுக்கு. டீ இன்று நன்றாக இருக்கிறது.

அதே நாள், மாலை

பக்கங்கள் திறந்தன. பதிந்தது எதுவும் சேமிக்கவில்லை. அது தெரியவரவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. அவ்வளவு நேரமும் என் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அக்கா போன் செய்தாள். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகப் பேசினாள்.

“நீ சரியாயிடுச்சுன்னு போட்டிருந்தியேடி. அதைப் பாத்துட்டுத்தான் வரிசையா எல்லாருக்கும் ரத்தம் எடுத்தேன். குழாய்ல நம்பர் மட்டும்தான் ஒட்டுவேன், பேரெல்லாம் உங்க சாப்ட்வேர்லதான். இப்ப எந்தக் குழாய் யாரோடதுன்னே தெரியல. எல்லாத்தையும் கொட்டிட்டேன். வெறும் வயித்தோட வந்தவங்களைத் திரும்பக் கூப்பிட்டு மறுபடி குத்தணும். ஒரு பெரியவருக்குக் கைல நரம்பே கிடைக்காது. காலையிலயே மூணு இடத்துல குத்தித்தான் எடுத்தேன்.”

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

“போன தடவை அவ்ளோ பொறுப்பா எழுதினவ, இந்தத் தடவை ஏன்டி இப்படி?”

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். “அது நான் எழுதல அக்கா. ஆபீஸ்ல இன்னொரு பொண்ணு” என்றேன். ஏன் சொன்னேன்? மனசாட்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். அவள் திரும்பத் திரும்ப அந்தச் சேதியையே புகழ்ந்தது பொறுக்கவில்லை, அதுதான் நிஜம்.

அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்ப இது மட்டும்தான் உன்னோடதா?”

வைத்துவிட்டாள்.

ஜூன் 25, வியாழன்

மன்னிப்புச் சேதியை நான் எழுதுகிறேன் என்று கேட்டேன். மேலாளர் வேண்டாம் என்றார். மைனா எழுதினாள். “சரியாகிவிட்டது என்று நாங்கள் சொன்னது தவறு. சரியாவதற்கு முன்பே சொல்லிவிட்டோம். அந்த நேரத்தில் நீங்கள் பதிந்தவை எங்களிடம் இல்லை. தயவுசெய்து மறுபடி பதியுங்கள்.” நாங்கள், நாங்கள். ஒரு இடத்திலாவது என்னைக் காட்டிக்கொடுத்திருந்தால் அவள்மேல் கோபப்பட்டிருப்பேன். அதற்கும் வழி வைக்கவில்லை பாவி.

ஜூன் 30, செவ்வாய்

மைனாதான் பொறுப்பாளர். கை தட்டினேன். இனிமேல் நான் எழுதுவதை அவள் படித்துச் சரி என்ற பிறகுதான் வெளியிட வேண்டும்.

ஜூலை 4, சனி

அக்கா வீடு. அந்தப் பெரியவர் மறுநாளே வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் இன்னொரு கையை நீட்டினாராம். இதைச் சொன்னது அத்தான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து மடித்தேன். தலையணை உறையெல்லாம் முடிந்த பிறகு, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“அந்தப் பொண்ணு நம்பர் இருக்கா?”

“எதுக்கு?”

“வேலை நின்னா அவகிட்டயே கேட்டுக்கறேன்டி. தப்பா நினைக்காத. ஊசி குத்தறது நான்.”

அனுப்பினேன். அக்கா போனில் டிங் என்றது. சாப்பிட்டுப் போ என்றாள். பசியில்லை என்றேன்.

ஜூலை 9, வியாழன்

பத்து மணி வாக்கில் மறுபடி இழுபறி. மஞ்சள் விளக்குக்கான சேதியை எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையில் மைனாவின் போன் அடித்தது.

“சொல்லுங்கக்கா. ஆமாக்கா, இங்கயும் சரியாத் திறக்கல. என்னன்னு இன்னும் தெரியலக்கா. நீங்க இப்ப யாருக்கும் ரத்தம் எடுக்காதீங்க. தெரிஞ்சதும் நானே கூப்பிடறேன்.”

என்னை மேடம் என்கிறாள். அவளை அக்கா என்கிறாள். அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, மைனா சிரித்தாள். போனுக்குள் அக்காவும் சிரிப்பது எனக்குக் கேட்டது. அக்காவைச் சிரிக்கவைப்பது அப்படியொன்றும் சுலபமில்லை. எனக்கே பல நாள் முடிந்ததில்லை.

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். “மேடம், உங்ககிட்ட குடுக்கட்டுமா?”

வேண்டாம் என்று தலையாட்டினேன். எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். அவள் அக்காவோடு பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன்.