ஒரு பிட்டில் அம்மாவின் ஊஞ்சல் பாட்டு

12, வியாழன். விடாத மழை.

சிரம்பானில் வேலை முடிந்து நேராக எஸ்டேட் கோயில் கமிட்டிக் கூட்டம். பாதிப் பேர் ரஹாங், பாரோய் என்று குடிபோய்விட்டாலும் திருவிழாவுக்கு எல்லாரும் இங்கேதான்.

அம்மன் ஊஞ்சலுக்கு எப்போதும் அம்மாதான் பாடுவாள். தொண்டையில் அறுவை, இப்போது பேச்சே கிசுகிசுப்புதான். அறுவைக்கு முன் நான் பதிவு செய்த பாட்டு இருக்கிறது. நானே ஈயத்தால் பற்றவைத்துச் செய்த மாற்றிப் பெட்டி வழியாகப் போடலாம் என்றேன். எண்களாகக் கிடக்கும் பாட்டைக் கேட்கும் ஒலியாக மாற்றும் பெட்டி. டெல்டா-சிக்மா என்ற வகை, ஒரே பிட்டில் வேலை செய்வது.

ஸ்பீக்கர் செட் வைக்கும் மணியம் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ஒரு பிட்டு லா, தங்கச்சி. ஆன், ஆஃப், அவ்ளோதான். லைட்டு மினுக்கலாம். கொரல் எப்படி வரும்?"

சிரிப்பு. தலைவர் மாமா: "கடையில வாங்குன சிடியே போட்டுருவோம் லா."

யாரோ ஒருத்தி. அம்மாவின் இடத்தில்! அம்மாவிடம் சொல்லவில்லை.

13, வெள்ளி. புழுக்கம்.

கெஞ்சியபின் நாளை ஒரு தடவை சோதிக்கச் சம்மதம். கெஞ்ச வேண்டுமாம்!

சொல்ல வேண்டியவை:
- இரண்டே நிலை, உண்மைதான். முழுக்கத் திறக்கும், முழுக்க மூடும் குழாய் மாதிரி. ஆனால் நொடிக்குப் பல லட்சம் தடவை. திறப்பு அதிகமானால் தொட்டியில் நீர் ஏறும், குறைந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கம்தான் குரல்.
- ஒவ்வொரு தடவையும் வந்த பிழையை மறக்காது. அடுத்த தடவையில் ஈடுகட்டும். அதனால் இரைச்சல் காதுக்கு எட்டாத சுருதி உயரத்துக்குத் தள்ளப்படுகிறது.
- கடைசியில் வடிகட்டி அந்த உயரத்தை வெட்டிவிடும். மிச்சம், பாட்டு.
- அண்ணன் கைபேசிக்குள்ளும் அநேகமாக இதே இனம்தான்! இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும். ஈயக்கம்பி தீர்ந்தது.

14, சனி. காலையில் தூறல்.

ஒன்றும் சொல்ல முடியவில்லை. போட்டதுமே ர்ர்ர் என்று உறுமல். மணியம் அண்ணன் முகத்தில் தீபாவளி. "நான் சொல்லல? ஒரு பிட்டு உறுமுது லா!"

தலைவர் மாமா சிடியை எடுத்துவிட்டார். நான் அழாமல் நின்றதே பெரிது.

மடைப்பள்ளியிலிருந்து வடை போடும் அக்கா: "உளுந்து அரைச்சாச்சு!"

உறுமல் நின்றது.

ஓடிப்போய்ப் பார்த்தால் செட், சீரியல் பல்பு, கிரைண்டர், எல்லாம் ஒரே ஒயரில். பல வருஷமாக இப்படித்தானாம்! "அக்கா, கிரைண்டரத் திரும்பப் போடுங்க." உறுமல். "நிறுத்துங்க." அம்மாவின் குரல், இடையில் மூச்சு வாங்குவது உட்பட.

சிடி உறைக்குள் போனது. மன்னிப்பு? ஒருவரும் கேட்கவில்லை.

மாலை, ஊஞ்சல். அம்மா முன்வரிசையில், உதடு மட்டும் அசைய. பாட்டு முடிந்தது. மணியம் அண்ணன் மைக்கை எடுத்தார். "எப்படி? எல்லாம் நம்ம செட்டு லா!"

எனக்குக் கொதித்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குனிந்தார். அவர் கையில் மைக் ஆனில்தான் இருந்தது. அந்தக் கிசுகிசுப்பு எஸ்டேட்டின் செம்பனைக்காடு வரைக்கும் கேட்டது:

"செட்டு ஒன்னோடது. தொண்ட என்னோடது, தம்பி."