சீனிக்குப் போன மூன்றாம் துண்டு

நிலவு, மூன்றாம் பனிக்குழி நிலையம். காவல்: முத்துப்பேச்சி.

நாள் 41. 07:10

சீனி, காற்று அழுத்தம் சரி. தண்ணீர்த் தொட்டி முக்கால். சூரியத் தகடு துடைத்தாயிற்று. தரை அதிர்வு காட்டும் ஊசி அசையவில்லை.

காவல் ஏட்டை 'ஐயா' என்று தொடங்க வேண்டுமாம். ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவள் ஐயாவுக்கு என்னத்தை எழுதுவாள்? உனக்கு எழுதுகிற மாதிரி எழுதினால் தானாக வரும் என்று நீதான் சொன்னாய். இதை யார் எடுத்துப் படித்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். சீனி என் மகள். இருபத்து மூன்று வயது. நாற்பது கிலோமீட்டர் வடக்கே பனிக்கட்டி ஏற்றும் வண்டி ஓட்டுகிறாள்.

நாள் 42. 08:20

எட்டு மணிச் செயற்கைக்கோளில் உன் சேதி வந்தது. நீ அனுப்புவது ஆங்கில எழுத்துத் தமிழ். இங்கே நம் எழுத்தில் எழுதி வைக்கிறேன்.

"யம்மா, எத்தன தடவ சொல்றது? எம் பேரையும் இங்கிலீஷ் எழுத்துலயே போடு. முழுக்க இங்கிலீஷ்னா ஒரு துண்டுல நூத்தறுபது எழுத்து போவும். ஒரு தமிழெழுத்து கலந்தாலும் மொத்தமும் எழுபதுக்குச் சுருங்கிரும், ஒண்ணுக்கு மேல துண்டானா அறுபத்தேழுதான்."

அடுத்த சேதி: "கொம்பு, சுழி எல்லாம் தனி எழுத்தாம். சீனின்னா நமக்கு ரெண்டு, மெஷினுக்கு நாலு. பேட்டரிய நீயே குடிச்சிருவ போல."

நான் அனுப்பியது: "சீனி, சாப்பிட்டியாளா?" ஒரே துண்டில் அடங்கிவிட்டது. பெற்ற பிள்ளையை வேற்று எழுத்தில் கூப்பிட எனக்குக் கை வரவில்லை. மற்றதெல்லாம் நீ சுவரில் ஒட்டிப்போன ஆங்கில எழுத்துத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தட்டுகிறேன். பேர் மட்டும் தமிழ்.

நாள் 43. 13:35

தரை ஊசி மூன்று முறை துள்ளியது. வடக்குத் தடம், பன்னிரண்டாம் கல். படம் பார்த்தேன். பனி வெடித்து விரிந்திருக்கிறது. கோடு பாத்தி வரப்பு அகலம் இருக்கும். நீ பாரத்தோடு அந்த வழியாகத்தான் திரும்புவாய்.

பேச்சு அலை குழி விளிம்பைத் தாண்டாது. சேதிதான் ஒரே வழி. செயற்கைக்கோள் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் வரும், பன்னிரண்டு நிமிடம் தலைக்கு மேல் நிற்கும். பேட்டரி இருக்கிற இருப்பில் ஒரு துண்டு போக ஐந்து நிமிடம்.

13:58

எழுதிவிட்டேன். ஆங்கில எழுத்து. விரல் வைத்து இரண்டு முறை எண்ணினேன். நூற்று நாற்பத்தெட்டு. நூற்றறுபதுக்குள் அடங்கியது. ஒரே துண்டு, ஐந்தே நிமிடம்.

14:12

கோள் போய்விட்டது. திரையில் '2/3' என்று நிற்கிறது. மூன்று ஏன்? ஒன்றுதானே அனுப்பினேன்.

14:20

சீனி, முதலில் உன் பேரைத் தமிழில் போட்டிருக்கிறேன்.

நினைத்துப் போடவில்லை. கை தானாகப் போட்டது.

மிச்சம் பதினாலு எழுத்து. இருபது மணிக்குத்தான் அடுத்த கோள். இரண்டு துண்டு வந்தாலே உனக்கு விளங்கும். 'வராதே' என்பது முதல் துண்டிலேயே இருக்கிறது.

16:25

தரை ஊசியில் உன் வண்டியின் துடிப்பு நின்றது. பன்னிரண்டாம் கல்.

நாள் 44. 08:15

காற்று அழுத்தம் பார்க்கவில்லை.

நாள் 45. 14:10

துறைமுக நிலையத்துப் பொறியாளர் சூசையின் சேதி:

"அக்கா, பாப்பாவ எடுத்துட்டோம். நசுங்கிப் போன மாதிரி இல்ல, தூங்குற மாதிரிதான் இருக்கு. ஒங்களுக்கு மாத்து ஆளு வர ஒம்பது நாளு ஆவும். தைரியமா இருங்க."

நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் சேதி போனதா?

நாள் 46. 08:14

சூசை:

"சொல்லாம இருக்கலாம்னு பாத்தேன். நீங்க விட மாட்டேங்கிய. அந்தக் கைப்பேசி துண்டு துண்டா காட்டாதுக்கா. எல்லாத் துண்டும் வந்து சேந்தாத்தான் திறக்கும். அது வரைக்கும் ஓரத்துல செவப்பு வெளக்கு மட்டும் மினுக்கும். ஒங்க மேல தப்பில்ல. எங்க வீட்டுலயும் பேரைத் தமிழ்லதான் போடுவாவ."

அப்படியானால் வராதே என்றதும் உன்னிடம் வரவில்லை. இரண்டு துண்டும் உன் சட்டைப் பைக்குள் வாய் மூடிக் கிடந்திருக்கின்றன.

உன் பேர் நாலு எழுத்து. அதை எடுத்துவிட்டால் நூற்று நாற்பத்துநாலு. ஒரே துண்டு. பதினாலு ஐந்துக்கு உன் கையில்.

நாள் 48. 11:30

பொருள் வண்டி வந்து போனது. உன்னைத் துறைமுகத்தில் வைத்திருக்கிறார்களாம். உன் கைப்பேசியை மட்டும் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். கண்ணாடி கீறியிருக்கிறது. உறையைப் பிரித்ததும் உன் தலை எண்ணெய் வாசம். மின்சாரம் கொடுத்து மேசையில் வைத்திருக்கிறேன்.

13:20

விளக்கு எரிகிறது. சிவப்பு. விட்டு விட்டு.

என் பெட்டியில் மூன்றாம் துண்டு இன்னும் கிடக்கிறது. உன் கைப்பேசி அணைந்து கிடந்ததால் நிறுத்தி வைத்திருக்கிறதாம். 'மறுபடி அனுப்பவா, அழிக்கவா' என்று கேட்கிறது.

அழிக்க மனம் வரவில்லை. சூடேற்றியைப் பாதியாகக் குறைத்துப் பேட்டரியைச் சேர்க்கிறேன். கை விறைக்கிறது. பரவாயில்லை.

14:00

கோள் வந்தது. அனுப்பினேன்.

14:05

மேசையில் மணி அடித்தது. நீ வைத்திருந்த மணிதான், சைக்கிள் மணி.

திறந்துகொண்டது. முழுசாக இருக்கிறது, ஒரு எழுத்துக் குறையாமல்.

"சீனி, வடக்குத் தடத்துல வராத. பன்னெண்டாங் கல்லுல தர விரிஞ்சிருக்கு. பாரத்த அங்கேயே எறக்கிப் போட்டுட்டு, நேரமானாலும் பரவால்ல, தெக்க சுத்தி வா."

மேலே உன் பேர். தமிழில். அழகாகத்தான் இருக்கிறது

கீழே படித்தாகிவிட்டது என்று ஒரு குறி. நான்தான் படித்தேன்

14:12

கோள் போய்விட்டது. விளக்கு அணைந்துவிட்டது

இரண்டு மணி நேரத்துக்கு மேல் அது மினுக்கியிருக்கும் சீனி. நீ வண்டி ஓட்டிக்கொண்டு வந்த நேரம் முழுக்க. அம்மா என்னமோ சொல்ல வருகிறாள் என்று ஒரு தரமாவது அதைப் பார்த்தாயா?