ஆழம் குறிக்காத இடம்

சாய்ந்தமருது,
வெள்ளிக்கிழமை

அன்புத் துணைவிக்கு, உன்மீது இறையமைதி நிலவுக.

நீ சம்மாந்துறைக்கு, உன் தங்கை வீட்டுக்குச் சென்ற நாள்முதல் என்னால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. நேற்று நான் பேசிய கூட்டத்தில் கைதட்டல் அடங்குமுன்பே மேடையைவிட்டு இறங்கிவிட்டேன்.

இது உன் சீதன வீடு. பிணக்கு வந்தால் வெளியேற வேண்டியவன் கணவன் என்பதே நம் ஊர் வழக்கம். அவ்வழக்கத்தை நான் தலைகீழாக்கினேன். நான் வாங்கிச் சேர்த்த, ஒல்லாந்தர் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய கடல் வரைபடங்கள் சுவரில் நிலைத்தன; வீட்டுக்காரி வெளியேறினாள்.

"கடல் ஒருக்கா ஊட்டுக்குள்ள வந்து புள்ளயக் கொண்டுபோனது காணாதா? நீங்களும் அந்தக் கடலையே கொண்டாந்து செவத்துல மாட்டுறீங்க. மேடையில ஊருக்கே கேக்கக் கதைக்கிற மனிசனுக்கு ஊட்டுக்குள்ள வாய் தொறக்காது" என்றாய்.

நான் மறுமொழியாக ஆம்சுடர்டாம் பதிப்பாளனின் முத்திரையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். நீ பையை எடுத்தாய்.

இன்று அனைத்தையும் கழற்றி, அவற்றை நெடுநாளாய்க் கேட்டுவந்த காரைதீவு நண்பரிடம் ஒப்படைத்தேன். ஒவ்வொரு படத்திலும் கரையோரக் கடலின் ஆழத்தைச் சிற்றெண்களால் பொறித்திருப்பார்கள். நம் கரைக்கு நேரே மட்டும் எதிலும் எண் இல்லை. அடுத்த படத்திலாவது இருக்கும் என்றே ஒவ்வொன்றையும் வாங்கினேன். அந்த இடத்தின் ஆழம் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். தெரிந்தபின் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே விளங்கவில்லை.

சுவரில் இப்போது ஆணிகள் மட்டுமே உள்ளன. உன் வீட்டுக்கு நீ வா. மகளைப் பற்றிக் கதைப்போம். முதற்சொல் எனக்கு வரவில்லை. அதை நீ சொல்.

உன் வீட்டில் இருக்க
உன் இசைவை வேண்டுபவன்.