சிவப்பு வெளிச்சத்தில் நீ உட்கார்ந்த விதம்

அன்புள்ள மாப்ளே,

இன்று காலை படம் கழுவும் இருட்டறையின் சிவப்பு விளக்கு எரிந்துபோனது. வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவைத்தேன். வெயில் நேராக உன் முக்காலியின் மேல் விழுந்தது. இரண்டு வருடமாக அதில் யாரும் உட்காரவில்லை. எனக்கு இப்படியெல்லாம் எழுத வராது. சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

மதராஸில் எக்ஸ்ரே படித்துவிட்டு நான் இந்த ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நீ வெளிநோயாளிகள் பிரிவில் ஆண் நர்ஸ். உப்பளத்தில் உன் அத்தாவுக்குத் தையல்கடை. ஒரு தோள் இறங்கியவருக்கும் கூன் விழுந்தவருக்கும் சட்டை வெட்டும் வீட்டில் வளர்ந்தவன் நீ. ஆள் வந்து நிற்கும் விதத்திலேயே உனக்குப் பாதி தெரிந்துவிடும். சட்டையைக் கழற்றச் சொல்லி ஜன்னல் பக்கம் நிறுத்துவாய். தொடமாட்டாய், பார்ப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பொண்ணா பாக்கிற? சீட்டக் குடுத்து அனுப்புடா."

"இரு. முதல்ல நிக்கட்டும்."

வயிற்று வலி என்று ஒரு விவசாயி வந்தாரே, நினைவிருக்கிறதா? நெடிய, ஒல்லி உடம்பு. தோல் வறண்டு சாம்பல் பூத்திருந்தது. நீ வேண்டுமென்றே ஒரு துண்டைக் கீழே போட்டாய்.

"பெரியவரே, அத கொஞ்சம் எடுத்துக் குடுங்க."

அவர் குனியவில்லை. முதுகு வளையாமல், தொடையில் கை ஊன்றி, மெல்லக் குந்தி எடுத்தார்.

"வயிறு இல்ல மாப்ளே, முதுகு. டாக்டரக் கேட்டுட்டு வரேன், முதுகுக்குப் படம் எடு."

"துண்டு சொல்லிச்சா?"

எடுத்தேன். ஈரம் சொட்டும் படத்தில் ஒரு முள்ளெலும்பு அரித்து நசுங்கியிருந்தது. காசநோய். நீ ஜெயித்த மாதிரி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் உறுத்தியது.

பிறகு ஒருநாள் ஜன்னலை விட்டுவிட்டு ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. இடைவேளையானால் என் இருட்டறைக்கு வந்துவிடுவாய். "வெளிய என்னா வெயிலு! உன் ரூமு ஜில்லுனு இருக்குடா." முக்காலியில் முன்பக்கம் சரிந்து, வலது விலாவுக்குக் கீழே கையை அணைத்து உட்காருவாய். நான் பிலிம் கழுவியபடியே பேசிக்கொண்டிருப்பேன். சிவப்பு வெளிச்சத்தில் எல்லாருடைய தோலும் ஒரே நிறம். அதற்காகத்தான் நீ அங்கே வருகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது குருசுக்குப்பத்திலிருந்து வந்த மீன்காரம்மா. ஆஸ்பத்திரி வாசலில் உன்னை மடக்கிக் கத்தினார்: "தம்பி, நில்லு! கண்ணு ஏன் இம்மாம் மஞ்சளா கிடக்கு?"

கல்லீரலில் சீழ்க்கட்டி. முன்பே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார். கட்டிலில் கிடந்த உன்னிடம் சண்டைக்குப் போனேன்.

"தெரிஞ்சுக்கிட்டே ஏண்டா மறைச்ச?"

"தங்கச்சி நிக்காஹ் முடியட்டும்னு இருந்தேன். அத்தாவுக்குத் தெரிஞ்சா எல்லாத்தையும் நிறுத்திட்டு இங்கயே வந்து உக்காந்துருப்பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கினாய். "உன் ரூமுதாண்டா நிம்மதி. அங்க யாரும் என்னப் பாக்க மாட்டாங்க."

குத்திக்காட்டவா சொன்னாய்? இல்லை. ஆனாலும் குத்தியது. நிறம் தெரியாத வெளிச்சம், நான் என்ன செய்ய முடியும் என்று, உன்னை அடக்கம் செய்த பிறகு எனக்கு நானே பல நாள் சொல்லிப் பார்த்தேன். பொய். சரிந்து உட்கார்ந்த உடம்பு சிவப்பு வெளிச்சத்திலும் சரிந்துதான் இருந்தது. நான்தான் திரும்பவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஸ்டோர்காரர் புது விளக்கோடு வந்துவிட்டார்.

"மாட்டிடட்டா சார்? வெளிய பத்து பேரு நிக்கிறாங்க."

இடது காலில் பாரம் விழாமல் நின்றார்.

"அத அங்க வைங்க. கதவுப் பக்கம் வெளிச்சத்துக்கு வாங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். வேலைய முடிச்சிட்டுப் போறேன்."

"இருங்க" என்றேன். "முதல்ல நில்லுங்க."