படத்துக்குக் கீழே ஒரு வரி

மார்ச் 4
எழுபத்திரண்டு வயதில் இன்றுதான் ஒரு பக்கம் எழுதப் பார்க்கிறேன். விரல் வலிக்கிறது. வலிக்கட்டும்! நாற்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். படம் எடுப்பது நான், உறைமேல் பெயர் எழுதுவது என் மனைவி. அவள் போனபிறகுதான் எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தேன். "உங்க 'ழ' என்னோடதைவிட அழகு, ஐயா" என்றார் டீச்சர். வீட்டில் சொல்ல ஆள் இல்லை. இங்கே சொல்லிவைக்கிறேன்.

மார்ச் 9
ஞாயிறு. முதியோர் உதவிச் சங்கத்தின் கம்பளி வழங்கும் விழா. இரண்டு வருடமாக அவர்களுக்கு நான்தான் படம் எடுக்கிறேன். எங்கள் தெருத் தையல்கார அக்காவுக்குத் தலைவர் கம்பளி கொடுத்தபோது வெளிச்சம் சரியில்லை. "இன்னொரு தடவை கொடுங்க" என்றேன். அக்கா விடவில்லை. "குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியே தம்பி, இதென்ன வாடகைக் கம்பளியா?" மண்டபமே சிரித்தது.
இந்த வாரம் நான் மனிதர்களோடு பேசியது அந்த இரண்டு மணி நேரம்தான்.

மார்ச் 20
சங்கத்தின் சுவரொட்டி வந்துவிட்டது. அக்கா தன் கடையில் ஒட்டியிருக்கிறாள். சிரித்த படம் இல்லை. தலை குனிந்திருந்த படம். "நீதான் இப்ப படிக்கிறியாமே. என்னைப் பத்தி என்ன போட்டிருக்கு, படி."
விரல் வைத்துப் படித்தேன். பெற்ற — பிள்ளையால் — கைவிடப்பட்டவர்.
அவள் மகன் லாரி ஓட்டுகிறான். மாதம் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறான்.
"நல்ல உழைப்பாளின்னு போட்டிருக்கு அக்கா" என்றேன்.
படிக்கக் கற்றது இதற்கா?

மார்ச் 21
இரண்டு வருடத்துப் படங்கள். யார் யார் படத்துக்குக் கீழே என்னென்ன எழுதினார்களோ. அச்சடித்து வந்ததை நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேனே — பல்லை இளித்துக்கொண்டு.

மார்ச் 23
செயலாளரிடம் போனேன். "சிரிச்ச முகத்துக்கு யாருங்க ஐயா இரக்கப்படுவாங்க? பேரா போட்டோம்?"
"முகத்தைப் போட்டிருக்கீங்களே. அதை எடுங்க. இல்லேன்னா நான் இனிமே வரலை."
"உங்க இஷ்டம்."
வந்துவிட்டேன். ரோஷமாகத்தான் வந்தேன். இனி ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவேன்?

மார்ச் 24
அக்காவிடம் உள்ளதை உள்ளபடி படித்துக் காட்டினேன். தையல் மிஷினை நிறுத்தினாள்.
"அன்னிக்கே ஏன் சொல்லலை?"
கீழே கிடந்த நூல்கண்டை எடுத்து வைத்தேன்.
"போ, தம்பி."

மார்ச் 30
யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 7
அக்கா கூப்பிட்டனுப்பினாள். சுவரொட்டி அங்கேயே இருக்கிறது. அந்த வரியை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறாள். "மூஞ்சி என்னோடது, அது இருக்கட்டும். எம் பையன் வர்றதுக்குள்ள கீழே நீ எழுது."
"என்ன எழுதட்டும்?"
"நடந்ததை எழுது. செருப்பைத் தேடறேன்னு."
குனிந்தது அதற்காகவா! எனக்குத் தெரியாது. "கிடைச்சுதா?"
"எங்கே கிடைச்சுது? ஒத்தைச் செருப்போட வீட்டுக்கு வந்தேன். அத்தனை பேர் இருந்தீங்க, ஒருத்தர் கேக்கலை. இப்ப பாரு, பையனோட பழைய செருப்பு. கப்பல் மாதிரி இருக்கு."
எழுதினேன். எழுத்து கோணல்தான்.

ஏப்ரல் 13
ஞாயிறு. சங்கத்தில் விழா. என்னைக் கூப்பிடவில்லை.
அக்காவோடு செருப்புக் கடைக்குப் போய்வந்தேன். வழியில் இருந்த பெயர்ப் பலகைகளை எல்லாம் நின்று நின்று படித்துக் காட்டினேன். "கடையைச் சாத்திடுவான், நடடா" என்றாள்.