அடுப்படியில் நீ ஊற்றிய வாளித் தண்ணீர்

புந்தோங்கில் மூன்று நாளாக மழை விடவில்லை. இன்று காலை மருமகள் ஈரத்துணியைச் சமையலறையில், கேஸ் அடுப்புக்கு மேலேயே கயிறு கட்டிக் காயப்போட்டாள். ஒன்றுவிடாமல் உருவி அவள் கையில் திணித்தேன். "வெறும் சோப்புத் தண்ணிதானலா அத்தே, எதுக்கு இப்படிப் பதறுறீங்க?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? உனக்குத் தெரியும். உன்னைப் பத்து காஜா ஊரில் அடக்கம் செய்து நாற்பது நாளாகிறது. அன்று சொல்லாமல் வந்ததை இப்போது எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும்.

முதலில் ஒன்று, நாம் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த காலத்தில் நடந்தது. பெரட்டில், விடியற்காலையில் ஆள் எண்ணும் இடத்தில், நான் பிந்தி வந்ததை, வேலை வாங்கும் மண்டோரிடம் சொன்னவள் நீ. பால் மரம் வெட்டிக்கொண்டிருந்த என்னை அவர் புல்லுக்கு மருந்து அடிக்கும் கூட்டத்தில், அதுவும் உன் பக்கத்தில், தள்ளிவிட்டார். இரண்டு வருடம் உன்னோடு நான் பேசவில்லை. அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்த மருந்து பார்க்க உப்பு மாதிரி வெள்ளையாக இருக்கும். தகர டின்னில் எழுதியிருந்த பெயரைக் கணக்கெழுதும் கிராணி ஒருநாள் வாசித்தார்: சோடியம் குளோரேட். தண்ணீரில் கரைத்து அடித்தால் லாலாங் புல் நாலைந்து நாளில் கருகிச் சாகும். "இது தானா எரியாது. ஆனா எரியிற சாமான் எதுல பட்டாலும் அது வெறிபுடிச்சு எரியும். மூடிய இறுக்கி மூடுங்க. சாக்குல கொட்டாதீங்க. கீழ சிந்துனா குப்பையோட கூட்டி அள்ளாம, நெறையத் தண்ணி விட்டுக் கழுவுங்க" என்றார். பக்கத்தில் பீடியோடு நின்றவரை விரட்டினார். உடுத்தின துணியும் எரிகிற சாமான்தான் என்பது மட்டும் எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

வேலை முடிந்ததும் நீ பைப்படியில், கட்டிய துணியோடு தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வாய். "மகாராணிக்கு ஒரு நாளைக்கு எத்தன குளியலு!" என்று கூட்டம் சிரிக்கும். ஆரம்பித்து வைப்பவள் நான்தான். நான் அலசவே மாட்டேன். நாளைக்கும் அதே மருந்துதானே?

அன்று நல்ல வெயில். நான் போட்டிருந்த வீட்டுக்காரரின் பழைய நீளக்கைச் சட்டை, கஞ்சி போட்டதுபோல விறைத்து வெள்ளை பூத்திருந்தது. ஆயாக் கொட்டகையில் விட்டிருந்த சின்ன மகளை அழைத்து வந்து, உலை வைத்து, குனிந்து அடுப்பை ஊதினேன். நாலு வயசு அவளுக்கு. பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டு என் முதுகில் தொங்கினாள். அப்போது அடுத்த வாசலிலிருந்து நீ வாளியோடு உள்ளே வந்தாய். எங்கள் மேலும் அடுப்பின் மேலும் உலைப்பானை மேலும் சேர்த்து ஊற்றினாய்.

"கிறுக்குப் புடிச்சிருச்சாடி ஒனக்கு? மண்டோர்கிட்ட போட்டுக் குடுத்தது பத்தாதுன்னு சோத்துலயும் கைய வைக்கிறியா?" என்று வாசலுக்கு வந்து கத்தினேன். லயத்தின் வரிசை வீடுகள் எல்லாம் கூடிவிட்டன.

நீ கொடியிலிருந்து என் தலைத்துண்டை உருவினாய். முந்தின நாள் மருந்தடிக்கும்போது கட்டியிருந்தது, அலசாமலே காய்ந்து கிடந்தது. அதை வெறும் மண்ணில் போட்டு, உன் அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையைக் கொண்டுவந்து தள்ளி நின்று நுனியில் வைத்தாய். சீறிக்கொண்டு கிளம்பியது நெருப்பு. ஒரு மூச்சு இழுத்து விடுவதற்குள் துண்டு இல்லை.

"என் தம்பி காலு இப்படித்தாண்டி வெந்துச்சு. வேற தோட்டத்துல. காஞ்ச கால்சட்டையோட பீடி பத்த வச்சான்" என்றாய்.

"மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்னாலா?"

"மூணு வாட்டி சொல்ல வந்தேன். நீதான் மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போன!"

யாரோ சிரித்தார்கள். சொட்டச் சொட்ட நனைந்த பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவளோ, "இன்னொரு வாட்டி ஊத்துங்க அத்தே" என்று உன்னைப் பார்த்துக் கை நீட்டினாள். அன்றைக்கு ராச்சோறு உன் வீட்டிலிருந்துதான் வந்தது. குழம்பில் காரம் அதிகம். அதையும் மறக்கவில்லை.

மறுநாள் வேலை முடிந்து பைப்படியில் உன் முன்னால் போய் முதுகைக் காட்டி நின்றேன். "ஊத்து" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு சண்டை இல்லாமல் உன்னிடம் பேசிய முதல் வார்த்தை. நீயும் மொண்டு மொண்டு ஊற்றினாய்.

பெரட்டு விஷயத்தை நான் அங்கே வந்த பிறகு வைத்துக்கொள்வோம், உன்னை விடப்போவதில்லை. சின்னவளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். போன ஞாயிற்றுக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கம்போல அவள் கையை, கழுத்தை, முதுகைத் தடவிப் பார்த்தேன். "என்னம்மா தேடுறீங்க?" என்று கேட்டாள்.

ஒரு தழும்பு இல்லை.